நாசரேத்

தூத்துக்குடி மாவட்டத்து ஊர். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில், நம்மாழ்வாரின் ஆழ்வார்திருநகரிக்கு அடுத்த நிறுத்தம். பழைய பெயர் சாண்பத்து. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கிறித்தவக் குடியிருப்பு அமைந்தபோது, இயேசு வளர்ந்த கலிலேய ஊரின் பெயரைச் சூட்டினார்கள்.

அந்த மூல நாசரேத்து பழைய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் வராது. பெயருக்கு இரண்டு பொருள் சொல்கிறார்கள். 'நெட்ஸர்' என்னும் எபிரேயச் சொல்லுக்குத் தளிர் என்று பொருள். தாவீதின் மரபில் வரவிருக்கும் மன்னனை ஏசாயா குறிக்கும் சொல் அது. 'நாட்ஸர்' என்றால் காவல் காத்தல். மேட்டில் இருந்த ஊருக்கு அதுவும் பொருந்தும். சிக்கல் ஒலியில் வந்தது. எபிரேய 'ட்ஸ' கிரேக்கத்தில் வழக்கமாக 'சிக்மா' ஆகும்; நற்செய்திகளிலோ இந்தப் பெயரில் 'ஜீட்டா' நிற்கிறது. அப்படியானால் வேர்ச்சொல்லே வேறோ என்று சிலர் ஐயப்பட்டார்கள். 1962இல் செசரியா அகழாய்வில் கிடைத்த சலவைக்கல் துண்டு ஒன்றில் ஊர்ப்பெயர் 'ட்ஸ' ஒலிக்குரிய எழுத்தோடே பொறிக்கப்பட்டிருந்தது.

தமிழுக்கு இந்தத் தலைவலி இல்லை. நம்முடைய ஒற்றைச் 'ச' எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. அதற்கும் ஒரு விலை உண்டு. எண்ணாகமத்தில் முடி சிரைக்காமல், திராட்சரசம் தொடாமல் விரதம் காப்பவனும் தமிழ் விவிலியத்தில் நசரேயன். நாசரேத்து இயேசுவும் நசரேயன். எபிரேயத்தில் இரண்டுக்கும் வேர் வேறு. நம்மூர் நாசரேத்தில் பிறந்தவர் என்னவோ வெறும் நாசரேத்காரர்தான்.

திருநெல்வேலிச் சீமையில் மிஷனரிகள் காலத்து ஊர்ப்பெயர்கள் பலவகை. 1799இல் அமைந்த முதல் கிறித்தவக் குடியிருப்பு முதலூர். பணம் கொடுத்த பிரஷ்ய நாட்டுக் கோமகன் டோனாவின் பெயரில் டோனாவூர். ஆனால் 1841 முதல் அரை நூற்றாண்டு இடையன்குடியில் இருந்த கால்டுவெல் அந்தப் பெயரில் கைவைக்கவில்லை. ஊர்ப்பெயரின் அருமை மொழிநூலாருக்குத் தெரிந்திருக்கும்.

சாண்பத்தை ஊரறிந்த நாசரேத்தாக வளர்த்தவர் மர்காஷிஸ் ஐயர். அந்தப் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்பதே வழக்கு. 1876இல் வந்தார், வந்த கையோடு தாது வருஷப் பஞ்சம். அநாதையான பிள்ளைகள் கைத்தொழில் கற்றுப் பிழைக்கட்டும் என்று 1878இல் தொழிற்பள்ளி தொடங்கினார். 1908இல் இறக்கும்வரை ஊரை விட்டுப் போகவில்லை. இன்று அங்குள்ள கல்லூரிக்கு அவர் பெயர்தான்.