சூப்பர்மேனுக்கு வந்த மனுக்கள்



முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் மனுக்களைப் பிரித்து, பதிவேட்டில் ஏற்றி, கோப்பில் சேர்த்தவன் நான். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன். தொடர்கதைக்கு ரசிகர் எழுதும் கடிதமும் ஒருவகை மனுதான். சில மனுக்கள் "இருப்பது இப்படியே இருக்கட்டும்" என்று கேட்கும். சில மனுக்கள் "எனக்காக ஒன்றை மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்கும். சூப்பர்மேன் ரசிகர்கள் எண்பது வருடத்துக்கும் மேலாக இந்த இரண்டையும் ஒரே மனுவில் கேட்டு வந்தார்கள். அவர் எப்போதும் மாறாமல் இருக்க வேண்டும். அதே சமயம் நம்மைப் போலக் கல்யாணம் செய்து, குழந்தை பெற்று, குடும்பம் நடத்தவும் வேண்டும். அந்த மனுவின் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

இது அமெரிக்காவில் ஆரம்பித்த பழக்கம் அல்ல. நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. அங்கே எங்களுக்கு 'ஃபெய்தோன்' என்ற சொல்லைக் கற்றுக் கொடுத்தார்கள். நாளிதழ்ப் பக்கத்தின் அடிப்பகுதியைக் கோடு போட்டுப் பிரித்து, அதில் வெளியிடும் தொடர்கதைக்கு அந்தப் பெயர். 1842 ஜூன் முதல் 1843 அக்டோபர் வரை எழேன் சூ என்பவர் 'பாரிஸ் மர்மங்கள்' என்ற தொடரை ஒரு நாளிதழில் எழுதினார். கதாநாயகன் ரொதோல்ஃப் ஓர் இளவரசன். தொழிலாளி வேடத்தில் பாரிஸின் சேரிகளுக்குப் போவான். கை பலம் அதிகம். கெட்டவர்களை அடிப்பான், ஏழைகளைக் காப்பாற்றுவான். வேடம், ரகசியம், பலம் மூன்றும் இருப்பதால், சூப்பர்மேனுக்கு அவன் தாத்தா முறை என்று சொல்லலாம். அவன் காப்பாற்றும் ஒரு ஏழைப் பெண், செத்துவிட்டதாக அவன் நினைத்திருந்த சொந்த மகள் என்று பிறகு தெரியவரும்.

அந்தத் தொடருக்கு வந்த நூற்றுக்கணக்கான கடிதங்கள் இன்னும் பாரிஸ் நூலகத்தில் இருக்கின்றன. உதவி கேட்டவர் உண்டு, யோசனை சொன்னவர் உண்டு, கதாநாயகன் நிஜமாகவே இருக்கிறான் என்பதுபோல எழுதியவரும் உண்டு. ஆனாலும் கடைசியில் அந்த மகளை எழேன் சூ சாக விட்டார். அலுவலக மொழியில் சொன்னால், "மனு பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலவில்லை."

சூப்பர்மேன் பிறந்தது 1938-இல். ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கிய பாத்திரம். அதன் உரிமையை அவர்கள் 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள். அந்த முதல் இதழிலேயே பத்திரிகையாளர் லாயிஸ் லேனும் இருக்கிறாள். கூட வேலை பார்க்கும் கிளார்க் கென்ட்டை அவள் கண்டுகொள்வதில்லை. அவனே சூப்பர்மேனாகப் பறந்து வந்தால் மயங்குகிறாள். இந்த ஒரு முடிச்சை வைத்துக்கொண்டு ஐம்பது வருடம் ஓட்டினார்கள். 1952 முதல் 1958 வரை ஜார்ஜ் ரீவ்ஸ் நடித்த தொலைக்காட்சித் தொடரிலும் அதே கதைதான். கல்யாணம் செய்து வைத்தால் கதை முடிந்துவிடும் என்பது முதலாளிகளின் பயம்.

ஒருவழியாக 1990-இல் சித்திரக்கதையில் நிச்சயதார்த்தம் நடந்தது. அடுத்து கல்யாணம் என்று எழுத்தாளர்கள் திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அப்போது இருவரையும் வைத்து ஒரு புதிய தொலைக்காட்சித் தொடர் தயாராகிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் காதலர்களாக இருப்பவர்கள் புத்தகத்தில் தம்பதியாக இருந்தால் சரிவராது என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள். காலியான அந்த இடத்தில் என்ன எழுதுவது? சூப்பர்மேனைக் கொன்றுவிட்டார்கள்! 1992 நவம்பரில் வந்த அந்த இதழைக் கறுப்பு உறைக்குள் போட்டு, துக்கத்துக்குக் கையில் கட்டிக்கொள்ளக் கறுப்புப் பட்டையும் சேர்த்து விற்றார்கள். கடை வாசலில் வரிசை நின்றது. பல லட்சம் பிரதிகள் போயின. ஒரு வருடத்துக்குள் ஆளை உயிரோடு திருப்பியும் கொண்டுவந்தார்கள். அழுதவர்கள் பாவம், அழுதது உண்மையாகத்தான். ஆனால் அந்தச் சாவு ஒரு வியாபாரம்.

1993-இல் ஆரம்பித்த அந்தத் தொடரில் டீன் கெயினும் டெரி ஹேட்சரும் நடித்தார்கள். பறப்பதையும் சண்டையையும் குறைத்து, இருவரின் காதலை முன்னால் வைத்த தொடர் அது. ஜனங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. 1996 பிப்ரவரியில் கல்யாண எபிசோடு என்று விளம்பரம் செய்தார்கள். உட்கார்ந்து பார்த்தால், மணமேடையில் இருந்தவள் லாயிஸ் அல்ல, அவளைப் போலவே செய்த ஒரு போலி. தவளை தின்னும் போலி! பார்த்தவர்களுக்குக் கோபம் வந்தது. பொறுத்திருந்து பார்த்தவர்களில் பலர் அதற்குப் பிறகு தொடரை விட்டுவிட்டார்கள். உண்மையான கல்யாணம் 1996 அக்டோபரில், தொலைக்காட்சியிலும் சித்திரக்கதையிலும் ஒரே மாதத்தில் நடந்தது. 1997-இல் கடைசி எபிசோடில், குழந்தை இல்லாத அந்தத் தம்பதியின் வீட்டில் யாரோ ஒரு குழந்தையை விட்டுவிட்டுப் போகிறார்கள். யார் குழந்தை என்று சொல்லாமலே தொடர் நின்றுபோனது. குடும்பம் ஆரம்பிக்கும் இடத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அந்தக் கதவு மறுபடி திறந்தது 2021 பிப்ரவரியில். 'சூப்பர்மேன் அண்ட் லாயிஸ்' என்ற தொடர். என் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தபோது அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். ஆரம்பத்திலேயே கிளார்க்குக்குப் பத்திரிகை வேலை போகிறது, வளர்த்த தாயும் இறந்துபோகிறாள். மனைவியையும் இரட்டைப் பையன்களையும் கூட்டிக்கொண்டு சொந்த ஊர்ப் பண்ணை வீட்டுக்குத் திரும்புகிறார். ஒரு பையனுக்கு அப்பாவின் சக்தி வருகிறது, மற்றவனுக்கு வரவில்லை. அண்ணன் தம்பிக்குள் வரும் மனத்தாங்கலும், உலகத்தைக் காப்பாற்றப் போய்விட்டுப் பையன் கூப்பிட்டபோது வர முடியாத அப்பாவும்தான் கதை.

ரசிகர்கள் இந்தத் தொடரையும் சும்மா விடவில்லை. பையன்களின் காதல் சண்டைகளுக்கு இவ்வளவு நேரமா என்று சிலர் அலுத்துக்கொண்டார்கள். அதே சேனலின் மற்ற நாயகர்கள் இந்தக் கதையில் வருவார்கள் என்று காத்திருந்தவர்களுக்கு, இது வேறு உலகம் என்று இரண்டாம் பருவத்தின் முடிவில் சொன்னது பெரிய ஏமாற்றம். மூன்றாம் பருவத்தில் ஒரு பையனாக நடித்தவர் மாறியபோது முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

ஆனால் 2023-இல் வந்த அந்த மூன்றாம் பருவத்தில் எல்லோரையும் கட்டிப்போட்டது வேறு விஷயம். லாயிஸுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ, முடி கொட்டுவது, அறுவைச் சிகிச்சை எதையும் மறைக்காமல் காட்டினார்கள். லாயிஸாக நடித்த எலிசபெத் டல்லக்குக்கு மிகுந்த பாராட்டு கிடைத்தது. அவள் எழுதி அம்பலப்படுத்த நினைக்கும் தாதாவின் மனைவிக்கும் புற்றுநோய். இரண்டு பெண்களும் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிநேகமாகிவிடுகிறார்கள்.

எனக்கு அதைப் பார்க்கும்போது என் அக்காவின் நினைவு வந்தது. அவருக்குக் கீமோ கொடுத்த நாட்களில் அத்தான் வெளியே பெஞ்சில் இருப்பார். இளமையில் மூட்டை தூக்கி உழைத்த உடம்பு, எங்கள் குடும்பத்திலேயே பலசாலி. கையில் ஹார்லிக்ஸ் பிளாஸ்க். அவரால் செய்ய முடிந்தது, நர்ஸ் கூப்பிட்டதும் அதன் மூடியைத் திறந்து கொடுப்பதுதான். மலையைத் தூக்குகிற சூப்பர்மேனும் அந்தத் தொடரில் அதே மாதிரி ஒரு நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தொடர் அவர்களை எட்டியதில் ஆச்சரியம் இல்லை.

நான்காம் பருவத்துக்குச் செலவைக் குறைத்தார்கள். முக்கிய நடிகர்கள் ஏழு பேருக்கு முழுநேர இடம் போயிற்று. பத்தே எபிசோடு. அதில் சூப்பர்மேன் மறுபடி கொல்லப்படுகிறார், மறுபடி பிழைக்கிறார். ஆனால் இந்த முறை பிழைப்பது மாமனாரின் இதயத்தால். அந்தக் கிழவர் தன் உயிரைக் கொடுத்து மருமகனை மீட்கிறார். மனித இதயம் என்பதால், இனி சூப்பர்மேனுக்கும் வயதாகும்.

2024 டிசம்பர் 2 அன்று கடைசி எபிசோடு. வருடங்கள் ஓடுகின்றன. பிள்ளைகளுக்குக் கல்யாணம், பேரன் பேத்திகள். லாயிஸுக்கு நோய் திரும்பி வந்து, முதிய வயதில் போய்ச் சேருகிறாள். அவள் போன பிறகு கிளார்க் ஒரு நாயைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார். பிறகு ஒருநாள், பிள்ளைகள் பக்கத்தில் இருக்க, அவர் இதயமும் நிற்கிறது. பார்த்தவர்கள் அழுதார்கள். ஆனால் 1992-இல் அழுத அழுகை வேறு, இது வேறு. இங்கே யாரும் கறுப்புப் பட்டை விற்கவில்லை, நாளை எழுந்து வருவார் என்ற சூட்சுமமும் இல்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்ற பேச்சும் அதிகம் எழவில்லை. இதைவிட நல்ல முடிவு கொடுத்திருக்க முடியாது என்றே பலரும் சொன்னார்கள்.

ரசிகர்கள் கேட்ட இரண்டில் ஒன்றை விட்டுக் கொடுத்தால்தான் மற்றது கிடைக்கும் என்பதை இந்தத் தொடர் நேராகச் சொல்லிவிட்டது. குடும்பம் வேண்டுமென்றால் முதுமை வரும், நோய் வரும், ஒருவர் முன்னால் போவார், ஒருவர் தனியாக இருப்பார். நம் வயதுக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இளைய ரசிகர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறுதல்.

முதலாளிகள் மட்டும் மாறவில்லை. 2025 ஜூலையில் ஜேம்ஸ் கன் இயக்கிய புதிய சூப்பர்மேன் படம் வந்தது. அதில் அவர் மறுபடி இளைஞர். லாயிஸ் காதலிதான், கல்யாணம் ஆகவில்லை. பழைய கோப்பை மூடி, புதிய எண் கொடுத்துத் திறந்திருக்கிறார்கள். மனுக்கள் இனி அங்கே வரும்.

நண்பர்களே, வானொலி நாடகத்துக்கோ வாரப் பத்திரிகைத் தொடருக்கோ நீங்களும் கடிதம் எழுதியிருப்பீர்கள். என்ன கேட்டு எழுதினீர்கள், கிடைத்ததா என்று எனக்குச் சொல்லுங்கள்.