மேல யாரு இழுப்பா? - கல், கயிறு, பி.சி.டி

போன மாசம் பெரிய குழப்பம். வீடு வாங்குறதா கார் வாங்குறதான்னு எல்லாம் இல்லீங்க, அந்த அளவுக்கு வசதி கிடையாது :-) ஸ்கூபா டைவிங் பழகி ரெண்டு வருஷம் ஆச்சு. வாடகைச் சாமான் போதும், சொந்தமா ஒரு பி.சி.டி வாங்கிடலாம்னு முடிவு பண்ணேன். எந்த மாதிரி வாங்குறது என்பதில்தான் சிக்கல்.

தெரியாதவங்களுக்காக: பி.சி.டி என்பது காற்றுப்பை வைத்த ஒரு சட்டை. சிலிண்டரை இதன் முதுகில்தான் கட்டுவார்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் சிலிண்டர் காற்று பைக்குள் வரும், மிதப்பு கூடும். இன்னொன்றை அமுக்கினால் காற்று வெளியேறும், மிதப்பு குறையும். முக்கியமா மூன்று வகை. ஒன்று ஜாக்கெட்: காற்று முதுகு, விலா என்று உடம்பைச் சுற்றி நிற்கும். இரண்டாவதில் காற்றுப்பை முதுகுப்பக்கம் மட்டும். மூன்றாவதில் முதுகுக்கு ஒரு உலோகத் தகடு, அதற்குப் பின்னால் இறக்கை மாதிரி ஒரு பை, உடம்பில் வார்கள் மட்டும்.

கம்ப்யூட்டர்காரன் புத்தி எங்கே போகும்? எக்ஸெல் ஷீட் போட்டு, எடை, விலை, தூக்குத்திறன் என்று பதினான்கு காலம் நிரப்பினேன். முடிவுதான் வரவில்லை.

அந்த நேரத்தில் சித்திரைத் திருவிழாவுக்கு மாரியூர் போனேன். அம்மா ஊர். சாயல்குடியிலிருந்து கடலைப் பார்த்துப் போனால் வரும். மேற்கே மூக்கையூர், வேம்பார். கிழக்கே முந்தல், வாலிநோக்கம், அப்புறம் கீழக்கரை. நடுவில் உப்பளம். பூவேந்தியநாதர் கோயில் திருவிழாவில் சிவபெருமானே மீனவராக வந்து வலைவீசும் படலம் நடக்கும். சாமியே கடலில் இறங்கும் ஊர்!

அம்மாவோட சித்தப்பா, எனக்குச் சின்னத்தாத்தா, அந்தக் காலத்தில் சங்கு குளித்தவர். எண்பதைத் தாண்டியாச்சு, வலது காது கேட்காது. செல்போனில் பி.சி.டி படத்தைக் காட்டி விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சரி பேராண்டி, மேல யாரு இழுப்பா?"

"யாரும் இழுக்க வேணாம் தாத்தா. நானே ஏறிக்குவேன்."

"அப்ப கயிறு?"

"கயிறே கிடையாது."

தாத்தா அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல. என்னோட பதினான்கு காலத்தில் இந்தக் கேள்வி இல்லை என்பது ராத்திரி படுத்தபோதுதான் உறைத்தது. ஊருக்குத் திரும்பி, பி.சி.டி பக்கங்களை மூடிவிட்டு, முத்துக்குளி வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன். அதுதான் இந்தப் பதிவு.

மன்னார் வளைகுடா முத்து பழைய கதை. கொற்கை முத்தைப் பற்றி எழுதிய கிரேக்க நூலான பெரிப்ளூஸ், குற்றவாளிகளை வைத்து முத்தெடுத்ததாகச் சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, சுறாவை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்ததை எழுதியிருக்கிறார். ஆனால் 'எப்படி இறங்கினார்கள், எப்படி ஏறினார்கள்' என்று ஒரு இன்ஜினியர் கேட்கும் கேள்விக்கு விவரமான பதில், 1803-இல் வெளிவந்த ராபர்ட் பெர்சிவலின் இலங்கை பற்றிய புத்தகத்தில் இருக்கிறது. எதிர்க்கரைதான், ஆனாலும் அதே கடல். குளிக்க நம்ம கரையிலிருந்தும் ஆள் போவார்கள்.

ஒரு படகில் இருபது பேருக்கு மேல். அதில் பத்துப் பேர் குளியாட்கள். படகுக்கு ஐந்து கல். ஐந்து பேர் இறங்கும்போது மற்ற ஐந்து பேர் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். கூம்பு வடிவக் கல், உச்சியில் துளை, துளையில் கயிறு. குளியாள் வலதுகால் விரலால் கல்லுக் கயிற்றைப் பற்றிக்கொள்வார், இடதுகால் விரலில் வலைப்பை. ஒரு கையில் இன்னொரு கயிறு, மறு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நேரே அடிக்குப் போய்விடுவார். கையில் இருக்கும் கயிற்றை இழுத்தால் மேலே இருப்பவர் தூக்கிவிட வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முறை. மேலே வந்தவர்களுக்கு வாயிலும் மூக்கிலும் காதிலும் ரத்தம் வருவதையும் பெர்சிவல் எழுதியிருக்கிறார். சின்னத்தாத்தா காது ஞாபகம் வந்தது.

இப்ப கவனிங்க. சிலர் காலில் பிடிக்கும் கல்லுக்குப் பதில் பிறை வடிவக் கல்லை வயிற்றில் கட்டிக்கொண்டு இறங்குவார்களாம். கால் இரண்டும் சும்மா இருக்கும் என்பதற்காக. ஆக, 'எந்த மாடல் வாங்கலாம்' என்ற குழப்பம் இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்தக் கடலில் இருந்திருக்கு!

ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னது இல்லை. கால் கல்லை அடியில் போனதும் விட்டுவிடலாம், அது தனியாக மேலே போய்விடும். வயிற்றுக் கல் கூடவே இருக்கும், அவிழ்த்தால்தான் உண்டு. முதலாவதில் ஆபத்து குறைவு, இரண்டாவதில் வேலை சுலபம். இன்றைக்கும் டைவிங் கடையில் 'ஈயத்தை ஒரே இழுப்பில் கழற்ற முடியுமா' என்று பார்க்கச் சொல்வது இதே கணக்குதான்.

கல் எதுக்கு? நுரையீரல் நிறையக் காற்றோடு இருக்கும் மனுஷன் மிதப்பான். காலடித்துக் கீழே போனால் பாதி மூச்சு அதிலேயே தீர்ந்துவிடும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு, நுரையீரல் காற்று பாதியாகச் சுருங்கும், மிதப்பும் குறையும். ஏறும்போது இதெல்லாம் தலைகீழ். கல் இறக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டது, ஏற்றும் வேலையைக் கயிறு பார்த்துக்கொண்டது. இந்த ரெண்டும் சேர்ந்ததுதான் அவர்களுடைய பி.சி.டி. அதன் பொத்தான் மட்டும் இன்னொருத்தர் கையில்!

கயிறுன்னதும் எல்லாருக்கும் ஒரு கதை ஞாபகம் வரும். தங்கச்சி தாலிக்காக மச்சான் கயிற்றை விடமாட்டான், அதனால மச்சான்தான் பிடிப்பான் என்ற கதை. கேட்க நல்லாத்தான் இருக்கு. தாத்தாவிடம் கேட்டதற்குச் சிரித்தார். "மச்சானாவது மாமனாவது. எவன் கையில கயித்துச் சுணை இருக்கோ அவன்தான் புடிப்பான். எனக்குப் புடிச்சவன் எவனோ, நான் யாரோ." ஆங்கிலேயர் பதிவுகளில் கயிறு பிடிப்பவருக்கு 'மண்டக்' என்று பெயர். பத்துக் குளியாளுக்குப் பத்து மண்டக். மச்சான்கள் கணக்குப் பார்த்தால் படகு நிரம்பாது :-) ஜப்பானில் படகிலிருந்து குளிக்கும் அமா பெண்களுக்குப் பெரும்பாலும் புருஷன்தான் கயிறு பிடிப்பார். உறவு எதுவாக இருந்தாலும், ஒரு உயிர் இன்னொருத்தர் கையில் என்பது மட்டும் பொது.

இங்கே என் கதையையும் சொல்லணும். பயிற்சியின் மூன்றாவது நாள், 12 மீட்டரில் இருந்தேன். லேசாக மேலே போவது தெரிந்து, காற்றை வெளியேற்ற நினைத்து, பதற்றத்தில் காற்று ஏற்றும் பொத்தானை அமுக்கிவிட்டேன். முழுக்க என் தப்பு. மேலே போகப் போகப் பையிலிருக்கும் காற்று விரியும், விரிய விரிய வேகம் கூடும். சொல்லிக்கொடுத்தவர் என் துடுப்பைப் பிடித்து நிறுத்தாவிட்டால் ராக்கெட் மாதிரி போயிருப்பேன். மூச்சடக்கிக் குளித்தவர் மேலே சுவாசித்த காற்றோடு இறங்கினார். எவ்வளவு வேகமாக இழுத்தாலும் அந்தக் காற்று பழைய அளவுக்குத்தான் வரும். நான் ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கிறவன். மூச்சைப் பிடித்தபடி வேகமாக ஏறினால் நுரையீரல் கிழியும். தாத்தாவுக்கு வேகம் உயிர், எனக்கு வேகம் எமன்.

வருஷம் 1943. பிரான்ஸில் கூஸ்தோவும் கான்யானும் அக்வாலங்கை உருவாக்கினார்கள். கயிறு போச்சு. ஆனால் மிதப்பைச் சரிசெய்ய ஒன்றும் கிடையாது, ஈயத்தைச் சரியாகக் கட்டினால் உண்டு. அதற்கு வழி கண்டவர் மோரிஸ் ஃபென்சி. கழுத்தில் மாட்டும் காற்றுப்பை, நிரப்ப ஒரு குட்டி சிலிண்டர். வருஷம் 1961. தூத்துக்குடியில் 1955-இல் தொடங்கி நடந்த முத்துக்குளிப்பு கடைசியாக நடந்ததும் அதே 1961-இல்தான்! ஒரு கரையில் கல்லையும் கயிற்றையும் சுருட்டி வைத்த வருஷம், இன்னொரு கரையில் அதற்கு மாற்று பிறந்திருக்கிறது. ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. 1971-இல் ஸ்கூபாப்ரோ ஜாக்கெட் வகையைக் கொண்டுவந்தது. தகடும் இறக்கையும் ஃப்ளோரிடாவில் குகைக்குள் முங்குபவர்களிடம் வளர்ந்த வகை.

கயிறு எல்லாருக்கும் ஒரே மாதிரி அறுபடவில்லை. எங்க சொந்தத்தில் ஒரு மாமா. படகில் கம்ப்ரசர் ஓடும், குழாய் வழியாகக் காற்று வரும், இடுப்பில் ஈயம், சங்கெடுக்கப் போவார். பி.சி.டி இல்லை, ஆழம் காட்டும் மீட்டர் இல்லை, எவ்வளவு நேரம் இருக்கலாம் என்ற கணக்கும் இல்லை. தாத்தா மாதிரி சர்ருனு ஏறிய ஒரு நாள் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டி, இன்றைக்கும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார். புதுக் காற்று வந்தது, பழைய ஏறும் பழக்கம் போகவில்லை. நான் பொழுதுபோக்குக்கு வாங்கும் சாமான் அவருக்குத் தொழிலுக்கே கிடைக்கவில்லை என்று நினைக்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

சரி, என்னதான் வாங்கினே? தாத்தா கேள்வியை வைத்தே முடிவு பண்ணேன். தண்ணிக்குள்ள முதுகுப்பை வகைகள்தான் சுகம், உடம்பு படுக்கையாக நிற்கும், கால் பவளத்தில் இடிக்காது. மேலே வந்தபின் முகத்தை முன்னால் சாய்க்கப் பார்க்கும், பழகணும். ஜாக்கெட் நிமிர்த்தி வைக்கும், படகு வரும்வரை தலை வெளியே இருக்கும். என் மாதிரி பதறுகிற ஆளுக்கு, இழுக்க ஆளில்லாதபோது, மேலே பிடித்துவைக்கும் கை முக்கியம். ஜாக்கெட்தான் வாங்கினேன், ஈயப் பை ஒரே இழுப்பில் கழலும் வகை. நூறு முறை இறங்கியபின் தகடு, இறக்கை பற்றி யோசிக்கலாம்.

போனில் தாத்தாவிடம் சொன்னேன். "வாங்கிட்டியா? சரி. கூட ஒருத்தன் எறங்குவானா?" என்றார். ஜோடியாகத்தான் இறங்கணும், அதுதான் விதி என்றேன்.

"அப்ப கயிறு இருக்குன்னு சொல்லு."

(டிஸ்கி: மச்சான் கதையை நம்புகிற மச்சான்கள் மன்னிக்கவும். உங்க ஊரில் கயிறு பிடித்தவர் யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க, தாத்தாவிடம் சேர்த்துவிடுகிறேன்.)