வாப்பாவின் கடிதத்தை கன்ட்ரோல் எஃப் ஏன் கண்டுபிடிக்கவில்லை?

அன்பின் மன்னார் உறவுகளே, இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காணிக் காகிதம், பழைய ஈமெயில் என்று அலைகிறவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

போன மாதம் அஸருக்குப் பிறகு என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் பழைய லப்டொப் ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். "சேர், வாப்பா 2006இல் புத்தளத்திலிருந்து சவூதியில் இருந்த நானாவுக்கு ஈமெயில் ஒன்று அனுப்பினவர். எங்கட காணி பெர்மிட் நம்பர் அதில்தான் இருக்கு. வாப்பா மௌத்தாகிட்டார். தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்குதில்லை" என்றார். பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்கள். வாப்பாவின் பெயரைத் தமிழில் அடித்துத் தேடினால் ஒன்றும் இல்லை. ஊர்ப் பெயரை அடித்தாலும் இல்லை.

கடிதம் அதற்குள்தான் இருந்தது. எப்படிக் கிடைத்தது என்று பிறகு சொல்கிறேன். ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் வரலாறு.

நம்முடைய தீவு கடிதங்கள் கடந்துபோன தீவு. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கப்பல் சேவை தொடங்கியது. கொழும்பிலிருந்து ரயில், பிறகு கப்பல், அந்தப் பக்கம் மறுபடி ரயில். அந்தப் பயணத்துக்கு மக்கள் வைத்த பெயரே 'போட் மெயில்'. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1990இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 மார்ச்சில்தான் திரும்பி வந்தது. அந்தக் காலத்துக் கடிதங்களைத் தேடுவதென்றால் உம்மாமாரின் தகரப் பெட்டியைத் திறக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது அந்தப் பெட்டிகளையும் விட்டுவிட்டுத்தான் நம்மவர்கள் கல்பிட்டிப் பக்கம் வள்ளம் ஏறினார்கள். அதனால் பிற்காலத்தில் எழுதிய ஈமெயில்கள்தான் பல குடும்பங்களுக்கு மிஞ்சியிருக்கும் காகிதம். அதைத் தேடத் தெரியாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

கணினியில் சொல் தேடுவது எப்போது வந்தது? 1973இல் கென் தொம்சன் யுனிக்ஸ் கணினிகளுக்காக 'கிரெப்' என்ற தேடும் கருவியை எழுதினார். 1978இல் வந்த வேர்ட்ஸ்டார் மென்பொருளில் தேடுவதற்கு கன்ட்ரோலோடு கியூ அழுத்தி, பிறகு எஃப் அழுத்த வேண்டும். எஃப் என்றால் 'ஃபைன்ட்', அதாவது கண்டுபிடி. பிற்காலத்தில் தேடுவதற்கு கன்ட்ரோல் எஃப் என்பது பெரும்பாலான மென்பொருள்களில் பழக்கமாகிவிட்டது.

பெரும்பாலானவற்றில் என்றுதான் சொன்னேன், எல்லாவற்றிலும் இல்லை. மைக்ரோசொப்ட் அவுட்லுக்கில் கன்ட்ரோல் எஃப் அழுத்தினால் தேடாது, கடிதத்தை இன்னொருவருக்கு அனுப்பும் பெட்டி திறக்கும். 'ஃபோர்வேர்ட்' என்பதும் எஃப்தானே! மைக்ரோசொப்ட்டில் நீண்டகாலம் வேலை செய்த ரேமண்ட் சென் இதன் கதையை எழுதியிருக்கிறார். அவுட்லுக்குக்கு முந்திய எக்ஸ்சேஞ்ச் மென்பொருளைப் பரீட்சித்துப் பார்த்த காலத்தில் கன்ட்ரோல் எஃப் தேடத்தான் செய்ததாம். பரீட்சித்தவர்களில் ஒருவர், பழைய மெயில் மென்பொருளில் அது ஃபோர்வேர்ட் செய்ததே, அப்படியே வேண்டும் என்று முறைப்பாடு செய்தார். அந்த ஒருவர் பில் கேட்ஸ். மாற்றாமல் இருப்பார்களா? ஒரு மனிதரின் விரல் பழக்கம் உலகம் முழுக்க உள்ள அலுவலகங்களுக்குச் சட்டமாகிவிட்டது.

ஆகவே அவுட்லுக் பாவிக்கிறவர்கள் மனதில் வையுங்கள். திறந்த கடிதத்துக்குள் சொல் தேட எஃப் 4. எல்லாக் கடிதங்களிலும் தேட கன்ட்ரோல் இ. அனுப்பியவர், திகதி என்று பிரித்துத் தேட கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

2004 டிசம்பரில் வெளிவந்த இலவச மென்பொருள் தண்டர்பேர்ட். அதில் கன்ட்ரோல் எஃப் தன் வேலையைச் சரியாகச் செய்யும், ஆனால் திறந்திருக்கும் ஒரு கடிதத்துக்குள் மட்டும்தான். நம்மவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஒரு கடிதத்துக்குள் தேடிவிட்டு "கணினியிலேயே இல்லை" என்று மூடிவிடுகிறார்கள். எல்லாக் கடிதங்களிலும் தேட கன்ட்ரோல் கே. பட்டியலை வடிகட்ட கன்ட்ரோல், ஷிஃப்ட், கே. பிரித்துத் தேடுவது அவுட்லுக் போலவே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்.

இனித் தமிழுக்கு வருவோம். அந்தப் பிள்ளை சரியான விசைகளைத்தான் அழுத்தினார். அப்படியும் கிடைக்கவில்லை. காரணம் பாமினி.

தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் நம் நாட்டில் டைப்செட்டிங் கடை, பாடசாலைப் பரீட்சைத் தாள், பள்ளிவாசல் நோட்டீஸ் எங்கே பார்த்தாலும் பாமினி எழுத்துருதான். அது ஒரு வேஷம். திரையில் 'வாப்பா' என்று தெரியும். கணினிக்குள் இருப்பது டீ, எச், ஜீ, அரைப்புள்ளி, ஜீ, எச் என்ற ஆங்கிலக் குறிகள். அவற்றுக்குத் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் போர்வை கழன்று புரியாத ஆங்கிலமாகத் தெரியும். இன்றைய தமிழில் 'வாப்பா' என்று அடித்துத் தேடினால் கணினி எப்படிக் கண்டுபிடிக்கும்? அதைப் பொறுத்தவரை அந்தக் கடிதத்தில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை.

தமிழ் எழுத்துக்குச் சொந்த இலக்கம் கொடுத்த யூனிகோட்டின் முதற்பதிப்பு 1991இலேயே வந்துவிட்டது. ஆனால் விண்டோஸ் தமிழ் யூனிகோட்டை ஏற்றது விண்டோஸ் 2000இல்தான். எக்ஸ்பீயில் அதைத் தனியாக இயக்கிவிட வேண்டும். இடைப்பட்ட காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. இதை ஒழுங்குபடுத்த 1999 பெப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழ்நாடு அரசு யூனிகோட்டை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010இல். ஆக, 2006இல் வாப்பா கடைக்குப் போய் பாமினியில் அடித்தது அவருடைய பிழை இல்லை. அன்று அதுதான் ஊர் வழக்கம்.

பிறகு எப்படிக் கிடைத்தது? இலக்கத்தால். பாமினியில் தமிழ் எழுத்துத்தான் வேஷம் போடும், 1, 2, 3 என்ற இலக்கங்கள் இலக்கங்களாகவே இருக்கும். "பெர்மிட் எந்த வருஷம் தம்பி?" என்று கேட்டேன். "உம்மா 1985 என்று சொல்லுவா" என்றார். 1985 என்று அடித்துத் தேடினோம். ஒன்பது கடிதங்கள் வந்தன. ஏழாவதைத் திறந்தபோது முழுக்க ஆங்கிலக் குப்பை போல ஒரு பக்கம், நடுவில் இலக்கங்கள். அதை எடுத்து பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றும் கருவியில் போட்டோம். வாப்பாவின் ஸலாம் முதல் வரியில் வந்தது. பிள்ளை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பெர்மிட் நம்பர் நான்காவது வரியில் இருந்தது.

யூனிகோட் வந்தும் பிரச்சினை முடியவில்லை. 'மௌலவி' என்று அடிக்கும்போது பலர் மகரத்தோடு ஔகாரக் குறியைப் போடாமல் 'மெ' அடித்து 'ள' சேர்க்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு சொல். முஹம்மது, முகம்மது, முகமது மூன்றும் மூன்று சொற்கள். சிலாவத்துறை, சிலாபத்துறை இரண்டும் இரண்டு ஊர். அதனால் முழுப் பெயரை அடிக்காமல் ஒரு துண்டை மட்டும் அடித்துப் பாருங்கள். அடையாள அட்டை இலக்கம், திகதி, டெலிபோன் நம்பர் என்று இலக்கத்தால் தேடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பாருங்கள். ஸ்கான் பண்ணிய படமாக இணைத்திருந்தால் சொல்லால் கிடைக்காது. அனுப்பியவர் பெயராலும் திகதியாலும்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய கணினியையும் ஹார்ட் டிஸ்க்கையும் பழைய இரும்புக்குக் கொடுக்க முன் ஒருமுறை திறந்து பாருங்கள். பாமினிக் கடிதம் இருந்தால் யூனிகோட்டுக்கு மாற்றி, மூலப் பிரதியையும் சேர்த்து வையுங்கள். எந்த வருஷம், எந்த நம்பர் என்று சொல்ல உம்மாமார் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். அந்த 1985ஐ உம்மா சொல்லியிராவிட்டால் எங்களுக்கும் கிடைத்திராது.

மாற்றத் தெரியாதவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து தேடுவோம்.