தறிக்குழியும் யானைக்காலும்



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் போன் செய்தான். "டீச்சர், அப்பாவுக்கு ரெண்டு காலும் வீங்குது. நாளெல்லாம் தறிக்குழியில காலைத் தொங்கப் போட்டா வீங்காம என்ன செய்யும்னு சொல்லி ஆறு மாசமா ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கறார்" என்றான். கட்டாயப்படுத்தி அழைத்துப் போகச் சொன்னேன். பரிசோதனையில் சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்தது. இப்போது மருந்து தொடங்கியிருக்கிறார்கள்.

வீணாய்ப் போன அந்த ஆறு மாதம்தான் இதை எழுத வைத்தது. கால் வீங்கினால் நாமே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது பழைய பழக்கம். அதற்கு எத்தனை பேர் விலை கொடுத்தார்கள் என்பதை யானைக்கால் நோயின் வரலாறு சொல்லும்.

நான் சிறுமியாக இருந்தபோது ஆரணியில் எங்கள் தெருவில் ஒரு நெசவாளிப் பெரியவர் இருந்தார். ஒரு கால் உரல் மாதிரி வீங்கியிருக்கும். வேட்டியைத் தரையில் புரளும்படி கட்டி மறைப்பார். 'தண்ணி ஒத்துக்கலை' என்பார்கள் சிலர், 'பரம்பரை' என்பார்கள் சிலர், 'முன்ஜென்மப் பாவம்' என்பாரும் உண்டு. அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவர் காலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மூன்று காரணமும் பொய் என்பது அப்போதே உலகத்துக்குத் தெரிந்துவிட்டிருந்தது. எங்கள் தெருவுக்குத்தான் தெரியவில்லை.

நோய் மிகப் பழையது. சுசுருத சம்ஹிதையிலேயே 'ஸ்லீபதம்' என்ற பெயரில் இது வருகிறது. ஆனால் காரணம் பிடிபட 19ஆம் நூற்றாண்டு ஆயிற்று. 1872இல் கல்கத்தாவில் டிமோதி லூயிஸ் என்ற மருத்துவர் மனித ரத்தத்தில் நெளியும் நுண்புழுக்களைக் கண்டார். 1876இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜோசப் பேன்கிராஃப்ட், அந்தக் குஞ்சுகளின் தாய்ப்புழுவைக் கண்டெடுத்தார். நூல் போன்ற இந்தப் புழு நம் உடலின் நிணநீர்க் குழாய்களில் குடியிருக்கிறது. வடிகால் கெட்டால் தெருவில் தண்ணீர் தேங்குவது போல, குழாய் பழுதானதும் காலில் நிணநீர் தேங்கி வீங்குகிறது.

ஒருவர் உடலிலிருந்து இன்னொருவருக்கு அது எப்படிப் போகிறது? 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் ஒரு சோதனை செய்தார். ரத்தத்தில் புழுக்குஞ்சு இருந்த ஹின்லோ என்ற பணியாளரை இரவில் கொசுக்கள் கடிக்கும்படி தூங்க வைத்தார். பிறகு அந்தக் கொசுக்களை அறுத்துப் பார்த்தபோது, உள்ளே குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருந்தன. ஒரு பூச்சியின் உடலில் மனித நோய்க் கிருமி வளர்வதை முதன்முதலில் கண்டது அப்போதுதான். பின்னாளில் அவர் வழிகாட்டுதலில்தான் ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் மலேரியா ரகசியத்தைக் கண்டுபிடித்தார்.

ஆனால் மேன்சனே ஒரு தவறு செய்தார். கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று நினைத்தார். 1900இல்தான் ஜார்ஜ் லோ என்பவர், கொசுவின் உறிஞ்சு குழலிலேயே புழுக்குஞ்சு இருப்பதைக் காட்டினார். குடிக்கும் தண்ணீர் காரணமில்லை, கொசுக்கடிதான் காரணம் என்று உறுதியானது. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி போன்ற அழுக்குத் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுதான் நம் பக்கத்தில் இதைப் பரப்புவது.

இந்தக் குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் ஒளிந்திருந்து, இரவில்தான் தோலுக்கு அருகே ஓடும் ரத்தத்துக்கு வரும். சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரியில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தது அதனால்தான். காரணம் தெரியாத நாம் கதவைச் சாத்திக்கொண்டோம்.

1947இல் டிஇசி என்ற மருந்து வந்தது. 1955இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1996இல் கடலூர் மாவட்டத்தில், நோய் உள்ளவர் இல்லாதவர் என்று பார்க்காமல் ஆண்டுக்கு ஒரு முறை எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும் முறை வந்தது. 2004இல் அது நாடு முழுவதும் நோய் உள்ள மாவட்டங்களுக்கு விரிந்தது. வீக்கம் இல்லாதவர் ரத்தத்திலும் குஞ்சுகள் இருக்கலாம், அவரிடமிருந்தும் கொசு எடுத்துப் போகும் என்பதால்தான் எல்லோருக்கும் மாத்திரை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் அந்த மாத்திரைகளைக் கொடுத்தார்கள். 'எனக்குத்தான் ஒன்றும் இல்லையே' என்று கைப்பையில் போட்டு வைத்து, பிறகு தூக்கி எறிந்தேன். வகுப்பில் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் போட்டு விளக்கிய டீச்சர் செய்த வேலை இது! நம் பக்கத்து நாடான இலங்கை இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தியா இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது. என்னைப் போல எத்தனை கைப்பைகளோ!

முற்றிய வீக்கத்தை மாத்திரை முழுதாக வற்ற வைக்காது. ஆனால் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்து, புண் வராமல் பார்த்து, காலை உயர்த்தி வைத்தால், காய்ச்சலோடு வரும் வலியும் குறையும், வீக்கமும் அதிகமாகாது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

இன்று கால் வீங்கினால் அது யானைக்காலாக இருக்கும் வாய்ப்பு குறைவு. நெடுநேரம் காலைத் தொங்கவிட்டால் மாலையில் வீங்கி, இரவு படுத்து எழுந்தால் வற்றலாம். அப்படி வற்றாமல் நாள்தோறும் நீடித்தால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு எதுவும் காரணமாக இருக்கலாம். சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் வீங்கும்; அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி கெண்டைக்கால் வலித்தாலோ, வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு முகமும் கையும் வீங்கித் தலைவலி வந்தாலும் அப்படியே.

எங்கள் தெருப் பெரியவர் கடைசிவரை வேட்டியைத் தாழ்த்திக் கட்டியபடியே போய்ச் சேர்ந்தார். இன்றைக்கு வீட்டில் அப்பா அம்மாவின் காலை ஒருமுறை பாருங்கள். விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், தறிமேல் பழியைப் போடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்