மணி அடிப்பது யார்? – கைப்பேசி அழைப்பொலியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

லூயி அல்துஸ்ஸர் 1970இல் எழுதிய கருத்தியல் குறித்த கட்டுரையில் ஒரு தெருக்காட்சி வரும். போலீஸ்காரர் அதட்டிக் கூப்பிடுகிறார். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்க்கிற நொடியில், தெருவோடு போன ஆள் ஒரு 'தன்னிலை'யாக ஆகிவிடுகிறார். நம் சிறுபத்திரிகைகளில் இந்தக் காட்சியை எடுத்தாளாதவர்கள் குறைவு. நானும் ஒருமுறை எடுத்தாள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் அல்துஸ்ஸர் யோசித்திருக்க வாய்ப்பில்லாத ஒன்று 1990களின் பிற்பாதியில் நடந்தது. கூப்பிடப்படுகிற ஆள், தன்னை எந்தக் குரலில் கூப்பிட வேண்டும் என்று தானே எழுதிக்கொடுக்கத் தொடங்கினார். அதற்கு 'ரிங்டோன்' என்று பேர். அழைப்பொலி என்று தமிழாக்கிக்கொள்ளலாம். ஆனால் கடைக்குப் போய் 'அழைப்பொலி ஏத்துங்க' என்றால் சிரிப்பார்கள். இரண்டு சொல்லையும் வைத்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் ஒரு கட்டுரைக்கு ஆகிற விஷயமா என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. 2015இல் இந்த நாட்டில் ஒருவர் ரிங்டோனுக்காகக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மணியிலிருந்து தொடங்க வேண்டும்.

தொலைபேசி மணிக்கு 1878இல் காப்புரிமை வாங்கியவர் கிரகாம் பெல்லின் உதவியாளர் தாமஸ் வாட்சன். 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் இணைப்பகங்கள் திறக்கப்பட்டன. அதிலிருந்து ஏறக்குறைய நூறு வருஷம், போன் என்றால் ஒரே சத்தம்தான். கருவியும் துறையுடையது, மணியும் துறையுடையது. வீட்டில் இருந்தாலும் அது அரசாங்கத்தின் குரலில்தான் கூப்பிட்டது. அந்தக் குரல் ஒரு ஆளைக் கூப்பிடவில்லை, ஒரு முகவரியைக் கூப்பிட்டது. கல்யாணப் பத்திரிகைகளில் 'பி.பி. நம்பர்' என்று போட்டிருப்பார்களே, ஞாபகம் இருக்கலாம். எதிர்வீட்டு மணி அடிக்கும். அந்த வீட்டம்மா வாசலுக்கு வந்து 'சரஸ்வதி, உனக்கு போன்' என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார். இந்தச் சமூகத்தில் முதல் 'தனிப்பயன் அழைப்பொலி' அந்த அம்மாளின் தொண்டைதான். யார் வீட்டு வாசலில் நின்று அப்படிக் கத்துவார்கள், யார் வீட்டு வாசலுக்கு வரவே மாட்டார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கைப்பேசி வந்ததும் முகவரி ஆளாக மாறியது. பத்துப் பேர் இருக்கும் அறையில் ஒரே சத்தம் கேட்டால் பத்துப் பேரும் பையைத் தடவினார்கள். வேறுபடுத்திக் காட்ட வேண்டிய நெருக்கடியிலிருந்துதான் ரிங்டோன் என்னும் பண்டம் பிறக்கிறது. நோக்கியா 1994இல் தன் 2110 மாதிரியில் வைத்த ட்யூன், ஸ்பெயின் நாட்டு கிதார் கலைஞர் ஃபிரான்சிஸ்கோ தாரேகாவின் 1902ஆம் வருஷத்து வால்ட்ஸ் ஒன்றிலிருந்து பிய்த்து எடுத்தது. தாரேகா 1909இல் இறந்துபோனார். காப்புரிமைக் காலம் முடிந்த ஒரு கலைஞனின் சில நொடி இசை ஒரு கம்பெனியின் முத்திரையானது. குறுஞ்செய்தி வந்தால் கேட்கும் மூன்று குட்டை, இரண்டு நெட்டை, மூன்று குட்டைச் சத்தம் 'எஸ்எம்எஸ்' என்பதற்கான மோர்ஸ் சங்கேதம் என்பது பலருக்கு வெகுநாள் தெரியாது.

சொந்தமாக மெட்டுப் போடும் வசதி 1996இல் ஜப்பானில் வந்தது. இரண்டு வருஷம் கழித்து அங்கே, எந்தப் பாட்டுக்கு எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்று சொல்லித்தரும் புத்தகம் ஒன்று முப்பத்தைந்து லட்சம் பிரதிகள் விற்றது. கவிதைத் தொகுப்பு முன்னூறு போட்டுவிட்டு இருநூற்றைம்பதைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் நமக்கு இந்த எண் கொஞ்சம் உறுத்தும். அதே 1998இல் ஃபின்லாந்தில் வெசா-மாத்தி பானனென் என்ற நிரலாளர், குறுஞ்செய்தி வழியாகவே ட்யூனை அனுப்பும் முறையை உருவாக்கினார். இசைக்கச் சொல்லித்தரும் புத்தகம், இசைத்ததை விற்கும் சந்தை – இரண்டும் ஒரே வருஷத்தில் வந்துவிட்டன. பிறகு எது வென்றது என்பது தெரிந்ததே.

தோற்ற பக்கத்தைப் பற்றித்தான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். நோக்கியா 3310ஐ (2000) வைத்திருந்தவர்களுக்கு அதன் 'கம்போஸர்' நினைவிருக்கும். 1 முதல் 7 வரை ஏழு ஸ்வரம். 8ஐ அழுத்தினால் ஸ்வரம் குறுகும், 9ஐ அழுத்தினால் நீளும். பூஜ்யம் மௌனம். நட்சத்திரக் குறி ஸ்தாயியை மாற்றும். சில பத்து ஸ்வரங்களுக்குள் பல்லவியை முடித்துவிட வேண்டும். விடுதி அறைகளில் பையன்கள் இந்த எண்வரிசைகளை நோட்டில் எழுதி வைத்துக் கைமாற்றிக்கொண்டார்கள். 2002இல் ஏர்டெல் விளம்பரத்துக்கு ஏ.ஆர். ரஹ்மான் போட்ட மெட்டு இப்படிக் கை கையாகப் பரவியது – விளம்பரத்தை உழைத்து உழைத்துத் தன் போனிலேயே ஏற்றிக்கொள்ளும் நுகர்வோன் என்று சிரிக்கலாம், சிரிக்கவும் வேண்டும். ஆனால் அதில் வேறொன்றும் இருந்தது. இசைப் பயிற்சி சில சாதிகளின் வீட்டுக்கூடத்துக்குள் அடைபட்டுக் கிடந்த ஒரு சமூகத்தில், வாழ்நாளில் ஆர்மோனியத்தைத் தொட்டிராத ஒருவன் 'இந்த இடத்துல ரெண்டு தடவ 8 போடணும்டா' என்று லயத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தான். ஜாக் அத்தாலி இசையின் அரசியல் பொருளாதாரம் குறித்த தன் 1977ஆம் வருஷத்து நூலில், திரும்பத் திரும்ப நகலெடுக்கும் கட்டத்துக்கு அடுத்து, ஒவ்வொருவரும் தனக்காக இசை செய்துகொள்ளும் கட்டம் ஒன்று வரும் என்று கனவு கண்டார். அது இரண்டொரு வருஷம், ஒற்றை ஒலியாக, கீச்சுக் குரலில் நம் விடுதி அறைகளில் வந்துவிட்டுப் போனது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கீச்சுக் குரல் என்பதையும் கவனிக்க வேண்டும். அந்தக் கருவிக்குத் தெரிந்தவை மேற்கத்தியப் பியானோவின் பன்னிரண்டு படிகள் மட்டுமே. வளைவு, அசைவு, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போவது எதுவும் அதில் கிடையாது. ஒப்பாரியும் தெம்மாங்கும் அதில் ஏற முயன்று படிக்கட்டில் தடுக்கி விழுந்தன.

சந்தை விரைந்து வந்தது. 2004இல் அமெரிக்காவின் வெரிசைன், ஜாம்பா என்ற ஜெர்மன் ரிங்டோன் கம்பெனியை 27.3 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு ஸ்வீடன் இளைஞர் வாயால் செய்துகாட்டிய மொபெட் சத்தம், 'கிறுக்குத் தவளை' என்ற உருவம் பெற்று 2005இல் பிரிட்டிஷ் பாட்டு வரிசையில் முதலிடம் பிடித்தது. தென்கொரியாவில் 2002இல் தொடங்கிய 'காலர் டியூன்' 2004இல் இந்தியாவுக்கு வந்தது. இது விசித்திரமான பண்டம்: காசு கொடுப்பவர் கேட்க முடியாது, கூப்பிடுகிறவர்தான் கேட்பார். மாதம் முப்பது ரூபாய். கேட்காமலே மாட்டிவிடுவதும் நடந்தது. என் ப்ரீபெய்டு கணக்கில் இரண்டு மாதம் முப்பது முப்பதாகக் காணாமல் போனபோது, சேவை மையத்தில் ஒரு குரல் 'நீங்கதான் சார் ஸ்டார் அமுக்கியிருக்கீங்க' என்றது. கூலி வேலைக்குப் போகிற எத்தனை பேர் கணக்கில் இப்படி எடுத்தார்களோ. 2013 ஜூலையில், வாடிக்கையாளர் இரண்டு முறை சம்மதம் சொன்னால்தான் இப்படிப்பட்ட சேவையைத் தொடங்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட வேண்டியிருந்தது. பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் இந்தப் பணத்தில் பங்கு எங்கே என்ற சண்டையும் சேர்ந்துதான், பங்கை அவர்கள் எழுதிக்கொடுத்து இழந்துவிட முடியாதபடி 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது.

இனி ஸ்மார்ட்போன். இங்கே ரிங்டோன் செய்வது என்பது மெட்டுப் போடுவதிலிருந்து வெட்டுவதாக மாறிவிடுகிறது. முழுப் பாட்டு கையில் இருக்கிறது. எந்த முப்பது நொடி என்பதுதான் கேள்வி. 2007 செப்டம்பரில் ஆப்பிள் அதற்கு வைத்த விலை, 99 சென்ட் கொடுத்து ஏற்கெனவே வாங்கிய பாட்டுக்கு மேலும் 99 சென்ட். உங்கள் பாட்டை உங்கள் போனில் ஒலிக்கவிட இரண்டாம் முறை காசு. சில நாட்களிலேயே பயனாளிகள் குட்டை உடைத்தார்கள். 'எம்4ஏ' என்று முடியும் கோப்புப் பெயரை 'எம்4ஆர்' என்று மாற்றினால் போதும், சாதாரணப் பாட்டு ரிங்டோன் ஆகிவிடுகிறது. உள்ளே ஒரு துளிகூட வேறுபாடு இல்லை. ஓர் எழுத்துதான் வேலி. பொதுநிலத்தை வளைத்து வேலி போட்ட கதையை மார்க்ஸ் 'மூலதன'த்தில் எழுதியதைப் படித்தவர்களுக்கு இந்த ஓர் எழுத்து வேடிக்கையாக இருக்கும். ஆப்பிள் அடுத்தடுத்த பதிப்புகளில் அந்த வழியை அடைக்கப் பார்த்தது, ஆட்கள் வேறு வழி கண்டார்கள். 2017இல் ஐட்யூன்ஸிலிருந்து அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். அதன்பின் ஐபோன்காரர், கராஜ்பேண்ட் என்ற இசைச் செயலிக்குள் பாட்டை இறக்கி, வெட்டி, ரிங்டோனாக 'ஏற்றுமதி' செய்ய வேண்டியிருந்தது.

ஆண்ட்ராய்டில் வேலி இல்லை. 'ரிங்டோன்ஸ்' என்ற பெயரில் ஓர் அடைவு. அதில் எம்பி3 கோப்பைப் போட்டுவிட்டு அமைப்புகளில் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. 2008இல் வந்த ரிங்டிராய்ட் என்ற திறந்தமூலச் செயலி, பாட்டை ஒலியலைக் கோடுகளாக வரைந்து காட்டும். இரண்டு முனைகளை விரலால் நகர்த்தி நடுவில் இருப்பதை வெட்டிச் சேமிக்கலாம். ஆனால் நம் ஊர்களில் இதைச் செய்தவர்கள் பயனாளிகள் அல்ல, செல்போன் கடைப் பையன்கள். மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருகிற கடைக்கு முன்னால் மாலை நேரத்தில் நிற்பார்கள், சித்தாள் பெண்கள், லோடுமேன்கள், ஆட்டோக்காரர்கள். 'தம்பி, அந்தச் சரணத்துல மூச்சு விடுவாருல்ல, அதுக்கப்புறம் வர்றத மட்டும் வையிப்பா' என்று ஓர் அம்மாள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். நம் இலக்கிய விமர்சகர்களில் எத்தனை பேருக்கு ஒரு பிரதியில் வெட்ட வேண்டிய இடம் அவ்வளவு துல்லியமாகத் தெரியும்! யார் கூப்பிட்டால் எந்தப் பாட்டு என்றும் பிரித்து வைத்துக்கொள்வார்கள்: மகனுக்கு ஒன்று, வட்டிக்காரருக்கு ஒன்று. வட்டிக்காரரின் பாட்டைக் கேட்டதும் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடலாம். திரும்பிப் பார்க்காமல் இருக்கும் சாத்தியத்தை அல்துஸ்ஸரின் தெருக்காட்சி அவ்வளவாகக் கணக்கில் எடுக்கவில்லை.

ஆக, பையில் ஒலிக்கும் பாட்டு யாருக்காக ஒலிக்கிறது? இந்தக் கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றத்துக்கே போயிற்று. பொது இடத்தில் ரிங்டோன் ஒலிப்பது 'பொது நிகழ்த்துதல்', அதற்கும் உரிமைத்தொகை வேண்டும் என்று அஸ்காப் என்ற இசை உரிமை அமைப்பு கேட்டது. 2009 அக்டோபரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் மறுத்துவிட்டது: போன் வைத்திருப்பவர் லாபத்துக்காக அதை ஒலிக்கவிடுவதில்லை. 2012 ஜனவரியில் அதே நகரத்தில், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழு மாலரின் ஒன்பதாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் ஐபோனின் 'மரிம்பா' ஒலித்தது. அழைப்புகூட இல்லை, அலாரம். நடத்துநர் ஆலன் கில்பர்ட் கச்சேரியையே நிறுத்தினார். சத்தம் அடங்கியது, இசை தொடர்ந்தது, போன்காரர் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போனார்.

2015 மே மாதம் மகாராஷ்டிராவின் ஷீர்டி. கல்யாணத்துக்கு வந்திருந்த இருபத்து சொச்சம் வயது தலித் இளைஞர் ஒருவர், செவிலியர் படிப்பு மாணவர், ஒரு கடையில் உறவுக்காரப் பையன்களோடு இருந்தார். அவர் போன் அடித்தது. அம்பேத்கரைப் போற்றும் மராத்திப் பாட்டு. பக்கத்தில் இருந்தவர்கள் நிறுத்தச் சொன்னார்கள், வாய்ச்சண்டை அடிதடியானது, அவரை வண்டியில் ஏற்றிக் கடத்திக்கொண்டுபோய்க் கொன்றார்கள். செய்தியேடுகள் எல்லாம் அப்போது இதை எழுதின.

நியூயார்க் நீதிபதிக்கு அது லாபநோக்கம் இல்லாத ஒலி. ஷீர்டியில் அதைக் கேட்டவர்களுக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை: அது பொது நிகழ்த்துதல்தான், அதுவும் அனுமதி இல்லாதது. எந்தத் தெருவில் எந்த மேளம் போகலாம், எந்த வாசல் முன் வாத்தியத்தை நிறுத்த வேண்டும், யார் வீட்டுக் கல்யாணத்தில் ஒலிபெருக்கி கட்டக் கூடாது என்றெல்லாம் தெருவின் காதைத் தன் உடைமையாக வைத்திருந்த சாதி, அந்தக் காதைப் பையில் இருக்கும் சின்னக் கருவி வரைக்கும் நீட்டிக்கொண்டது. அந்த இளைஞர் தன்னை எந்தக் குரலில் கூப்பிட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாரோ, அந்தக் குரல்தான் குற்றம். இதே கருவியில் நம் தென்மாவட்டப் பேருந்துகளில் ஆண்ட பரம்பரைப் பெருமைப் பாட்டுகள் முழு வால்யூமில் ஒலிப்பதையும் நான் கேட்டுக்கொண்டுதான் பயணம் செய்கிறேன். நிறுத்தச் சொல்லி எவரும் எழுந்து நான் பார்த்ததில்லை. தொழில்நுட்பம் எல்லோருக்கும் ஒரே அடைவைத் தந்திருக்கிறது. அதை ஒலிக்கவிடும் தைரியத்தைச் சமமாகத் தரவில்லை. 'தனிப்பயனாக்கம்' என்று கம்பெனிகள் விற்கும் சொல்லுக்குள் இருக்கும் 'தனி' யார் என்று கேட்காமல் இந்த வரலாற்றை எழுத முடியாது என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

2020 மார்ச்சில் அரசு மறுபடி மணியைக் கையில் எடுத்துக்கொண்டது. யாரைக் கூப்பிட்டாலும் முதலில் ஓர் இருமல், பிறகு கொரோனா அறிவுரை. முப்பது ரூபாய் கட்டி வாங்கிய பாட்டும் அதற்குப் பின்னால் காத்திருந்தது. சாவுச் செய்தி சொல்லக் கூப்பிட்டவர்களும் அந்த இருமலைக் கேட்டுவிட்டுத்தான் பேசினார்கள். 2022இல்தான் நின்றது.

2025இல் வந்த ஐஓஎஸ் 26இல், முப்பது நொடிக்குட்பட்ட எந்த ஒலிக்கோப்பையும் கணினியும் இல்லாமல் கராஜ்பேண்டும் இல்லாமல் ரிங்டோனாக வைத்துக்கொள்ளலாம். வேலி போட்டுப் பதினெட்டு வருஷம் கழித்துத் திறந்திருக்கிறார்கள். அதற்குள் அந்த போனை வாங்கக்கூடியவர்கள் பெரும்பாலும் அதை அதிர்வில் போட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். ஒரு கூட்டத்தில் ரிங்டோன் கேட்டால், இப்போது முகம் சுளித்துத் திரும்புகிறவர்களில் நம் தோழர்களும் இருக்கிறார்கள். சாரத்தில் நின்று பூச்சு வேலை பார்க்கிறவர் போனை மணல்மேட்டில் சட்டைக்குள் சுற்றி வைத்திருப்பார். நான்கு மாடி கேட்கிற அளவுக்கு அது பாடியாக வேண்டும். பாட்டு ஏற்றித் தந்த கடையில் இப்போது திரைக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். பழைய பாட்டுகள் இருந்த கணினி உள்ளறையில் தூசி படிந்து கிடக்கிறது. கேட்டால் இன்னும் வெட்டித் தருகிறார்கள். பத்து ரூபாய்.