அம்மம்மா ஏன் ரோட்டைக் கடக்கிறதில்லை?

அம்மம்மாவுக்கு 78 வயசு. வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமா ஒரு ஒழுங்கைக்குள்ள எங்கட வீடு. அவ மருந்து வாங்குற கடை வீதிக்கு மற்றப் பக்கம். ரெண்டு வருஷமா அவ தனியப் போறதில்லை. மஞ்சள் கடவையில் கால் வைத்தால் ஓரத்தில் வருகிற கார் நிற்கும். அந்தக் காருக்கு அங்கால வருகிற மோட்டார் சைக்கிள்காரனுக்கு நடுவில் ஒரு கிழவி நிற்பதே தெரியாது. ஒருநாள் சீலைத் தலைப்பில் உரசிக்கொண்டு போனது. அதோட சரி.

"கொஞ்சம் கவனமாக் கடந்திருக்கலாமே" எண்டுதான் நாங்கள் எல்லாரும் சொன்னம். நானும்தான். வரலாறு படிக்கிற எனக்குப் பிறகுதான் உறைச்சது: இந்த வீதி வானத்தால விழுந்ததில்லை. யாரோ, ஏதோ ஒரு தேவைக்காகக் கட்டினது. அந்தத் தேவைக்குள் அம்மம்மா எப்பவாவது இருந்தாவா?

கொட்டாஞ்சேனையில் இருந்து தொடங்கலாம். அங்குள்ள ஜோர்ஜ் ஆர். டி சில்வா மாவத்தையின் பழைய பெயர் ஸ்கின்னர்ஸ் ரோட். தோமஸ் ஸ்கின்னர் என்ற பிரித்தானியப் படை அதிகாரி 1820இல், 16 வயதில், கண்டி வீதி வேலைக்கு அனுப்பப்பட்டார். 1867இல் ஓய்வு பெறும் வரைக்கும் இலங்கையின் வீதிகள் பலவற்றைப் போட்டவர் அவர். முதலில் படையை மலைநாட்டுக்கு ஏற்ற வேண்டும், பிறகு கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்க வேண்டும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தடையில்லாமல் போவதுதான் நோக்கம். குறுக்கே கடக்கிற ஆள் அந்தக் கணக்கில் இல்லை.

நகரத்துக்குள் கதை கொஞ்சம் வேறு. கொழும்பு மாநகர சபை 1865இல் உருவானது. 1899இல் ட்ராம் வண்டிகள் வந்தன. ஒரு பாதை பொரளைக்கு, மற்றது கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் இருக்கிற கிராண்ட்பாஸுக்கு. தனியார் கம்பனி நடத்திய இந்தச் சேவையை 1944இல் மாநகர சபை பொறுப்பேற்றது. 1953இல் சபையே ட்ரொலி பஸ்களையும் ஓட்டத் தொடங்கியது. ட்ராம் யாரையும் இடிக்கவில்லை என்று நான் சொல்ல வரேல்ல. ஆனால் அது எங்கே வரும் என்று தண்டவாளமே சொல்லிவிடும். முன்னால் போகிற ட்ராமை முந்தவும் இடமில்லை. சாரதி நல்லவரா கெட்டவரா என்பதில் மட்டும் நடந்துபோகிறவரின் உயிர் தங்கியிருக்கவில்லை.

பிறகு அந்தப் பிடி சபையின் கையிலிருந்து நழுவியது. 1958இல் தனியார் பஸ்கள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தது. 1960இல் ட்ராம் நின்றது, 1964இல் ட்ரொலி பஸ்ஸும் நின்றது. 1979இல் தனியார் பஸ்கள் திரும்ப அனுமதிக்கப்பட்டன. அண்டைக்குச் சேருகிற காசை வைத்தே பஸ்காரரின் வருமானம் அமைவது வழக்கமானது. சவோய் தியேட்டர் ஹோல்ட்டில் ரெண்டு பஸ் ஒரே ஆளுக்காக ஓடி வந்து நிற்பதைப் பார்த்து "மிருகங்கள்" எண்டு திட்டுறம். மாதச் சம்பளம் இருந்தால் அதே சாரதி ஏன் ஓடப் போறார்?

இன்றைக்குக் காலி வீதிக்கு எத்தனை எஜமான்கள் என்று எண்ணிப் பாருங்கள். அது ஏ2 நெடுஞ்சாலை என்பதால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். பஸ் அனுமதிப்பத்திரம் மாகாண நிர்வாகத்திடம். வேகத்தைப் பிடிப்பது பொலிஸ். ஒழுங்கைகளும் சிறு வீதிகளும் மாநகர சபையிடம். ஒரு ஆள் அடிபட்டால் இந்த நாலு பேரில் யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. "கவனயீனம்" என்ற ஒரு சொல் எல்லாரையும் காப்பாற்றிவிடும்.

1997இல் சுவீடன் நாடாளுமன்றம் இந்தச் சொல்லைத்தான் கைவிட்டது. மனுசர் பிழை விடத்தான் செய்வார்கள், அந்தப் பிழைக்கு விலை உயிராக இருக்கக்கூடாது, அப்படி வீதியை அமைப்பது அதை அமைக்கிறவர்களின் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டது. மணிக்கு 30 கிலோமீற்றரில் வருகிற கார் இடித்தால் பெரும்பாலானோர் பிழைப்பார்கள். 50ஐத் தாண்டினால் அந்த வாய்ப்பு வேகமாகக் குறையும். நோர்வேயின் ஒஸ்லோ மாநகரம் வேகத்தைக் குறைத்து, நகர மையத்தில் கார் நிறுத்துமிடங்களையும் எடுத்தது. 2019இல் அங்கே நடந்துபோன ஒருவரும், சைக்கிளில் போன ஒருவரும் வீதியில் சாகவில்லை. அது பணக்கார நாடு எண்டு சொல்லலாம்தான். ஆனால் சென்னை மாநகராட்சியும் 2014இல், போக்குவரத்துக்கான செலவில் குறைந்தது 60 வீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒதுக்குவது என்று கொள்கை வகுத்தது. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது.

எங்கட சபையால் காலி வீதியைத் தனியே மாற்ற முடியாது. ஆனால் ஒழுங்கை வாசல்கள் அதன் கையில்தான். அந்த வாசலை ஒடுக்கி, நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திவிட்டால், திரும்புகிற ஓட்டோ தானாகவே மெதுவாகும். கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூட வாசல்களிலும் இதைச் செய்யலாம். பெரிய வீதியின் நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு வேணும் என்று அதிகார சபையிடம் எழுத்தில் கேட்கலாம். "பார்க்கிங் போனால் வியாபாரம் படுத்துவிடும்" என்று கடைக்காரர்கள் பயப்படுவார்கள். அந்தப் பயத்தை ஒதுக்கித்தள்ள முடியாது, அவர்களோடு இருந்து பேசித்தான் ஆக வேண்டும். நடைபாதை வியாபாரிகளைத் துரத்துவதையும் பாதுகாப்பு என்று நான் சொல்லமாட்டன். ஒரு கார் பிடிக்கிற இடத்தில் மூன்று கடை போடலாம்.

2023 மார்ச்சிலிருந்து 2025 மே மாதத் தேர்தல் வரைக்கும் கொழும்பில் கேட்பதற்குத் தெரிவான உறுப்பினர்களே இருக்கவில்லை. இப்ப இருக்கினம். வட்டார உறுப்பினரிடம் குப்பைக்கும் கானுக்கும் போகிற நாங்கள் இதுக்கும் போகலாம்.

78 வயசில் அம்மம்மா இனி வேகமா நடக்கப் போறதில்லை. ரோட்டைத்தான் மாத்த வேணும்.