கறுப்புத் தாள் முதல் கரிஷ்மா வரை: முத்துக்கரையின் படப் புத்தகங்கள்

ஒரு வீட்டின் நிழற்படங்களைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, பக்கமாக அமைத்து, அச்சிட்டு, அட்டை கட்டிய ஒற்றைப் படிப் புத்தகத்துக்குத் தூத்துக்குடியில் இன்று வழங்கும் பெயர் கரிஷ்மா ஆல்பம். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, புதுநன்மை என எந்த விசேஷம் முடிந்தாலும் சில வாரங்களில் அது வீட்டுக்கு வந்து சேர்கிறது. கணினி வந்த பிறகு தோன்றிய பொருள்தான். ஆனால் தன் செலவில், தனக்கென ஒரு புத்தகம் செய்துகொள்ளும் வழக்கம் இந்தக் கரைக்கு மிகப் பழையது.

1578இல் கொல்லத்தில் 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களில் அதுவே மூத்தது. அதை ஆக்கிய அண்ட்ரிக் அடிகளார் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பல்லாண்டு பணி செய்தவர். அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்களும் அந்தப் பரதவர்களே. 1586இல் 600 பக்கங்களுக்கு மேல் விரிந்த ‘அடியார் வரலாறு’ வெளிவந்தது. அதை 1967இல் தூத்துக்குடித் தமிழிலக்கியக் கழகம் மறுபடி பதிப்பித்தது. முதல் நூலின் முகப்பிலேயே அச்சிட்ட ஊரும் நாளும் இருந்தன: கொல்லம், 1578 அக்டோபர் 20. எங்கே, எப்போது என்ற இந்த இரண்டு விவரங்களும் பின்னால் வந்த படப் புத்தகங்களில் எப்படி வந்து எப்படிப் போயின என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி.

நிழற்படம் புத்தகத்துக்குள் முதலில் ஒட்டுப்படமாகத்தான் வந்தது. இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் 1843இல் கடற்பாசிகளின் நீலப் படங்களைக் கொண்டு நூல் தொகுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு டால்பட்டின் ‘இயற்கையின் தூரிகை’ பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர் லின்னேயஸ் டிரைப். சென்னை அரசின் நிழற்படக் கலைஞராக 1856இல் அமர்ந்த அந்தப் படை அதிகாரி, மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களைச் சுமந்துகொண்டு திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். 1858இல் ஊர் வாரியான தொகுதிகளாக அவரது படங்கள் நூலாயின. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 நெகட்டிவ்களில் எடுத்து ஒரே நீளப் படமாக இணைத்தது அவரது உழைப்பின் உச்சம். மறு ஆண்டே ஆளுநர் டிரெவெலியன் இது ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார். டிரைப் வெளியிட்ட தொகுதிகளில் முத்துக்கரை இடம்பெறவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் படத்தைச் சிறு புள்ளிகளாக உடைத்து எழுத்தோடு சேர்த்தே அச்சிடும் முறை பரவியது. கொல்கத்தாவில் உபேந்திரகிஷோர் ராய் சவுத்ரி 1895இல் அதற்கெனத் தொழிலகமே வைத்தார். படம் ஒட்ட வேண்டிய தேவை போனதும் அரசு வெளியீடுகளில் படங்கள் பெருகின. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி 1890இல் எழுதினார். அவரது ஏழு தொகுதிச் சாதிகள் நூல் 1909இல் நிழற்படங்களோடு வந்தது. மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றியும் 1922இல் இந்திய முத்துக்குளிப்பைப் பற்றியும் தனி நூல்கள் தந்தார். இன்றும் இவற்றைப் புரட்டாமல் இந்தக் கடலின் தொழில் வரலாற்றை எழுத முடியாது. ஆனாலும் இத்தகைய நூல்களில் மனிதர் தம் பெயரோடு வருவது அரிது. தோணிக்குக் கணக்கு உண்டு, சிப்பிக்கு அறிவியல் பெயர் உண்டு. மூச்சடக்கி இறங்கியவர் ‘குளியாள்’ என்ற அளவில் நின்றுவிடுவார். அரசு தன் தேவைக்குச் செய்த புத்தகம் அது. குளியாளின் வீட்டுக்கு அதில் ஒரு பக்கமும் கிடையாது.

வீட்டுக்கான பக்கம் ஸ்டுடியோவிலிருந்து வந்தது. 1876 ஜனவரி 1இல் ரயில் தூத்துக்குடியை எட்டியது. 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் இங்கேதான் கப்பலேறினார்கள். சென்னையில் வீலே அண்டு கிளெயின், கொழும்பில் ஸ்கீன், பிளாட்டே போன்ற ஸ்டுடியோக்கள் புகழ்பெற்றிருந்த காலம் அது. இருபுறத்துக்கும் இந்தத் துறைமுகமே வாசல். தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் மெல்ல ஸ்டுடியோக்கள் முளைத்தன. 1880 முதல் 1980 வரையிலான அவற்றின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடித் திரட்டிக் கணினியில் பதிந்து வைத்திருக்கிறது. வரைந்த திரை, நாற்காலி, பூச்சாடி, விறைத்து நிற்கும் குடும்பம்: அந்தப் படங்களின் இலக்கணம் ஊர் தாண்டியும் ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் அவை தனித்தனிப் படங்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்டன, புத்தகமாகவில்லை.

புத்தகமாக்கியது கல்யாணம். அட்டைபோல் கனத்த கறுப்புத் தாள், நான்கு முனையிலும் ஒட்டிய காகித கார்னர், தாளுக்குத் தாள் நடுவே சிலந்திவலை போலக் கோலமிட்ட மெழுகுத்தாள் – இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதித் திருமண ஆல்பம் இப்படித்தான் இருந்தது. இதன் திட்டமிடல் முழுவதும் கிளிக் செய்வதற்கு முன்பே முடிந்துவிடும் என்பது கவனிக்கத்தக்கது. பெரிய ரோலில் சதுரப் படம் 12தான் விழும். சின்ன ரோலில் 36. பிலிம் விலை, கழுவும் செலவு, பிரிண்ட் காகிதம் எல்லாம் கணக்கில் நிற்கும். 1960இல் நிறுவப்பட்டு 1967 முதல் உதகையில் பிலிமும் காகிதமும் செய்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் வந்த பிறகும் கைக்கணக்கு குறையவில்லை. ஆகவே போட்டோகிராபர் சடங்கின் வரிசையை மனப்பாடமாக வைத்திருந்தார். தாலி கட்டும் நொடிக்கு ஒரு படம், அது தப்பினால் திரும்ப வராது. இரு வீட்டுப் பெரியவர்கள், தாய்மாமன், உடன்பிறந்தார் யார் யாரோடு நிற்பது என்பதில் ஒரு நுணுக்கம் இருந்தது. விடுபட்டவர் பல வருடம் அதைச் சொல்லிக் காட்டுவார். மணப்பெண் கண்ணாடி முன் உட்கார்ந்து, முகமும் பூ வைத்த சடையும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்தது தமிழ் ஸ்டுடியோவின் சொந்த அழகு. அந்த ஒரு படத்துக்காகச் சடை பின்னியவர்கள் மணிக்கணக்கில் பாடுபட்டார்கள்.

பிறகு வந்தது கலர். ஜப்பானின் நோரிட்சு 1976இல் மினிலேப் எந்திரத்தை அறிமுகப்படுத்தியது; அடுத்த இருபது ஆண்டுகளில் ‘கலர் லேப்’ பலகை இல்லாத பஜார் தமிழ்நாட்டில் குறைந்தது. பசைத் தாளின் மேல் பிளாஸ்டிக் உறை மூடும் ஆல்பங்கள் கார்னரை ஒழித்தன. ஒட்டுவது எளிதாயிற்று, ஆனால் பசை மஞ்சளாகி, படத்தை உரித்தெடுக்க முடியாதபடி பிடித்துக்கொண்டது. கறுப்புத் தாள் ஆல்பங்களில் படங்கள் இன்றும் தெளிவாக இருக்க, அவற்றுக்குப் பின் வந்த பசை ஆல்பங்கள் பல வீடுகளில் நிறம் மங்கிப்போயின.

மூன்றாவது மாற்றம் டிஜிட்டலோடு வந்தது. 1993இல் இண்டிகோ எந்திரம் தகடு இல்லாமலே ஒரு படி மட்டும் அச்சிடும் வழியைத் திறந்தது. 2002இல் ஆப்பிள் நிறுவனம் தன் மென்பொருளிலிருந்தே அட்டை கட்டிய படப் புத்தகத்துக்கு ஆர்டர் கொடுக்கும் வசதியை அளித்தது. பெங்களூரின் கேன்வெரா 2007 முதல் போட்டோகிராபர்களுக்கு ஆல்பம் அச்சிட்டுக் கொடுத்தது. கரிஷ்மாவின் நுட்பம் இவற்றிலிருந்து சற்று வேறு. பல லேப்களில் இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரே நீளப் படமாகப் போட்டோ காகிதத்திலேயே எடுத்து, நடுவில் மடித்து, தாளின் முதுகோடு முதுகு ஒட்டி, வெட்டி, அட்டை கட்டுகிறார்கள். விரித்தால் தட்டையாகக் கிடக்கும். பரவலான அளவு விரித்த நிலையில் 12க்கு 36 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஒரு தாளுக்கு 10,800க்கு 3,600 புள்ளிகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைத் தாள் முழுக்க விரித்தால் மங்கிப்போவது இதனால்தான்.

திட்டமிடல் இப்போது கிளிக்குக்குப் பின்னால் நகர்ந்துவிட்டது. ஒரு கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் படங்கள் விழுகின்றன. முப்பது தாளில் தாளுக்கு ஐந்து வைத்தாலும் 150தான் நிற்கும். இந்தக் குறைப்புக்கு ‘செலக்‌ஷன்’ என்று பெயர். ஆல்பம் தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் அதுவே. நல்ல டிசைனர் முதலில் நாளின் ஓட்டத்தைப் பிரிக்கிறார்: முந்தின இரவு, காலை அலங்காரம், கோயிலோ மண்டபமோ, சடங்கு, உறவினர், விருந்து. ஒரு தாளில் ஒரு பெரிய படம் தலைமை தாங்கும், மற்றவை ஒதுங்கி நிற்கும். முகம் நடு மடிப்பில் விழக்கூடாது; வெட்டும் ஓரத்தில் தலையோ விரலோ போகாதபடி இடம் விட வேண்டும். மாதிரியை வீட்டார் பார்த்துச் சரி சொன்ன பிறகே அச்சுக்குப் போகும். தெரிந்த முகம் ஒன்று விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க வீட்டின் மூத்த பெண்மணி அந்த மாதிரியைப் பார்ப்பதைப் போல வேறு சோதனை கிடையாது.

தூத்துக்குடி ஆல்பங்களில் கல்யாணத்துக்கு அப்பால் நுழையும் பொதுக் காட்சி பனிமய மாதா திருவிழா. 1806இல் முதலில் ஓடிய தங்கத்தேர் எல்லா ஆண்டும் வெளிவருவதில்லை. 2013இலும் 2023இலும் ஆகஸ்ட் 5இல் அது தெருவில் வந்தபோது வெளியூரில் இருந்த குடும்பங்கள் திரும்பி வந்து சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டன. திருவிழா இப்படி ஆல்பத்துக்குள் வருகிறது, வேலை வருவதில்லை. தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. அன்று இருபது வயதில் கடலில் இறங்கியவர் இன்று எண்பதைத் தாண்டியவர். தாத்தாவின் தோணி, கயிறு, கல், சங்குக் கணக்கு இவற்றைக் கேட்டு, கிடைக்கும் ஓரிரு பழைய படங்களோடு சேர்த்து ஒரு சிறு புத்தகமாக்குவதற்கு இப்போதுள்ள கருவிகள் முழுதும் போதும். மூன்று தலைமுறையாகக் கடலை நம்பிய வீட்டின் புத்தகத்தில் கடல் இல்லாமல் போவது பெரிய இழப்பு.

இந்த ஊரின் காற்றும் நீரும் படத்துக்கு இணக்கமானவை அல்ல. உப்பு ஈரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டி, மாவட்டம் முழுவதும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நனைந்த போட்டோ காகிதத்தின் மேல்பூச்சு ஊறி எதிர்ப் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பின் பிரித்தால் இரண்டு முகமும் கிழியும். ஈரம் இருக்கும்போதே, நல்ல தண்ணீரில் நனைத்தபடி மெல்லப் பிரித்து நிழலில் உலர்த்தினால் ஓரளவு மீளும். பழைய ஸ்டுடியோவில் நெகட்டிவ் இருந்தால் மறு பிரிண்ட் போடலாம். கரிஷ்மாவுக்கு அந்த இடத்தில் இருப்பது லேப்பின் கோப்பு, அதை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்பது கடைக்குக் கடை மாறும். ஆகவே பக்கங்களின் கோப்பையும் தேர்ந்த படங்களின் மூலத்தையும் வாங்கி வெவ்வேறு இடங்களில் வைப்பது ஆல்பத் திட்டத்தின் கடைசிப் படி ஆகிவிட்டது.

கறுப்புத் தாள் காலத்தில் படத்துக்கு ஒரு முதுகு இருந்தது. கார்னரிலிருந்து கழற்றித் திருப்பினால் ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் ஒரு தேதி, சில பெயர்கள். கரிஷ்மாவில் தாள்கள் முதுகோடு முதுகு ஒட்டப்படுவதால் எழுத இடமே இல்லை. பக்கத்தில் உள்ள எழுத்து பெரும்பாலும் டெம்ப்ளேட்டில் வந்த ஆங்கில அலங்கார வரி. கவனமுள்ள சிலர் கடைசித் தாளைப் படமின்றி விடச் சொல்கிறார்கள். நாள், ஊர், கோயில் பெயர், ஒவ்வொரு குழுப்படத்திலும் இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயரும் உறவும், எடுத்தவர் பெயர் – இவை அந்தத் தாளில் சிறிய எழுத்தில் அச்சாகின்றன.